அரை இடம்

பட்டனை அமுக்கினால் தானாக ஒட்டிக்கொள்ளும் என்கிறார்கள் இப்போது. பாடின குரலை உள்ளே போட்டால் போதுமாம். தாளம் எங்கே விழுகிறது என்று கம்ப்யூட்டரே கண்டுபிடித்து, வயலினையும் மிருதங்கத்தையும் அதன்மேல் உட்காரவைத்துவிடுமாம். நான் வேலை பார்த்த கடைசி வருஷங்களில் என்னிடம் வேலைக்குச் சேர்ந்து, இப்போது பெருங்குடியில் ஒரு கம்பெனியில் சவுண்டு இன்ஜினியராக இருக்கிற பிரியா இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு இரக்கம் தெரியும். "பாவம் ஆன்ட்டி, அப்பல்லாம் கையாலயேவா வெச்சீங்க?" என்பாள். ஆமாம் தாயே, கையால்தான் வைத்தோம். ஒரு பாட்டுக்கு நாலு நாள் ஆகும். கண் பூத்துப்போகும்.

போன மாதம் என் பழைய ஃப்ளாப்பிகளை ஒரு பிஸ்கட் டப்பாவோடு வாங்கிக்கொண்டு போனாள். உள்ளே இருப்பதையெல்லாம் லேப்டாப்பில் ஏற்றித் தருகிறேன் என்றாள். டப்பா கையை விட்டுப் போன நாளிலிருந்து எனக்கு ஒரே ஒரு பாட்டின் ஞாபகம்தான். ஞாபகம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். எரிச்சல் என்பதுதான் சரி.

நான் சாந்தோமில் பிறந்து வளர்ந்தவள். டைப்ரைட்டிங் இரண்டு மொழியிலும் ஹையர் பாஸ். அதன்மேல் ஆறு மாதம் கம்ப்யூட்டர் டிப்ளமோ. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் கீபோர்டு வாசிப்பேன். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தது என் கெட்ட நேரம். தொண்ணூறுகளின் நடுவில், தி. நகரில் பனகல் பார்க் பக்கத்துத் தெரு ஒன்றில், ஜாக்கெட் தைக்கும் கடைக்கு மேல்மாடியில் ரெக்கார்டிங் ஸ்டூடியோ வைத்திருந்த துரைக்கண்ணு சார் ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"டைப்பு அடிப்பியாமா?"

"அடிப்பேன் சார்."

"மீசிக்கு?"

"கோயில்ல கீபோர்டு வாசிப்பேன் சார்."

"அப்ப சரி. கம்பூட்டர்ல மீசிக்க டைப்பு அடிக்கணும், அவ்ளோதான். நாளைக்கு வந்துரு."

அவ்வளவுதான் இன்டர்வியூ. இசையைக் கம்ப்யூட்டரில் சேர்ப்பது டைப் அடிக்கிற வேலை இல்லை என்று நான் அவருக்குப் பல வருஷம் விளக்கிப் பார்த்தேன். கடைசி நாள் வரைக்கும் என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தினால் "நம்ம டைப்பிஸ்ட்டு" என்றுதான் சொல்வார்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். மிடி என்று ஒன்று உண்டு. அது சத்தம் இல்லை, குறிப்பு. எந்தக் கட்டையை எப்போது அமுக்கினாய், எவ்வளவு அழுத்தினாய், எப்போது விட்டாய் என்று கம்ப்யூட்டர் எழுதிவைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்பைப் பார்த்து இன்னொரு பெட்டி வயலின் சத்தத்தையோ மிருதங்கச் சத்தத்தையோ எழுப்பும். குறிப்பைத் தள்ளலாம், இழுக்கலாம், திருத்தலாம். பாடின குரல் அப்படியில்லை. அது பதிந்தது பதிந்ததுதான். நகர்த்தக்கூடிய இதை நகராத அதோடு சேர்ப்பதுதான் என் பிழைப்பு. அரை நொடி பிசகினால் கேட்கிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். கால் நொடி பிசகினால் என்ன தப்பு என்று தெரியாமலே முகத்தைச் சுளிப்பார்கள். இரண்டாவதுதான் ஆபத்து.

துரைக்கண்ணு சாரைப் பற்றியும் சொல்லவேண்டும். சினிமா ரெக்கார்டிங் தியேட்டர்களில் இருபது வருஷம் ஓடியவர். வெள்ளைச் சட்டை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஸ்டாப்வாட்ச். டீ குடிக்கும்போதுகூட அதைக் கழற்றமாட்டார். அவருக்குக் கடவுள் ஒன்றுதான், கிளிக். பாடகர் காதில் 'டிக் டிக்' என்று ஒரே சீராக அடிக்கும் சத்தம். அதைக் கேட்டுக்கொண்டே பாடினால் குரலும் சீராக வரும், என் மிடியும் அதில் சுலபமாக உட்காரும். "மன்சன் தப்புவாம்மா, கிளிக் தப்பாது" என்பார். கிளிக்கைக் கேட்டால் காதில் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று பக்திப்பாட்டு பாட வந்த ஒருவர் ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டார். சார் அவரைக் கையோடு வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். கோபமே படவில்லை. "கிளிக் புடிக்காதவன் கடியாரம் பாக்காதவன்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எங்கள் ஸ்டூடியோவில் இன்னொரு தொல்லை, இடம். கம்ப்யூட்டரின் டிஸ்க் அவ்வளவு சின்னது. ஒரு பாட்டின் குரலை ஏற்றினால் மூச்சு முட்டும். புதுப் பாட்டு வந்தால் பழைய பாட்டை அழிக்கவேண்டும். எதைக் கேட்டாலும் "இடம் இல்லை சார்" என்று சொல்லிச் சொல்லி என் வாய்க்கு அதுவே பழகிவிட்டது. வீட்டில் அம்மா இன்னொரு கரண்டி சாதம் வைக்க வந்தால்கூட அதையே சொன்னேன்.

இந்த நிலைமையில்தான் வைதேகி மாமி வந்தார்.

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் பரதநாட்டியம் சொல்லிக்கொடுப்பவர். வயது ஐம்பதுக்குள்தான். கழுத்தில் பட்டுத்துணியைச் சுற்றியிருந்தார். கூட அவர் பெண் நித்யா, பாங்கில் வேலை, நாட்டியமும் ஆடுவாள். மாமி பேசவில்லை. கையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார், அதில் எழுதிக் காட்டினார். பேச முயன்றால் காற்றுத்தான் வந்தது. நித்யாதான் சொன்னாள்.

"அம்மாக்குத் தொண்டைல கட்டி. அடையாறுல ஆபரேஷன் ஆச்சு. குரல் போயிடும்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டார். அதனால அட்மிட் ஆறதுக்கு முதல் நாள் சாயந்திரம், ஆத்துல ஒக்காந்துண்டு, தானே எழுதின வர்ணத்தை டேப்ரெக்கார்டர்ல பாடி வெச்சா. வெறும் சுருதிப்பெட்டி மட்டும்தான். அதுக்கு நான் ஆடணும். கோபாலபுரத்துல ஸ்கூல் ஹால் எடுத்திருக்கோம். வர ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை."

வழக்கமாக வாசிக்கும் மிருதங்கக்காரர் வெளிநாடு போயிருந்தார். வேறு ஆள் போடலாமே என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இரண்டு பேரைக் கேட்டார்களாம். பாடுகிறவர் முகத்தைப் பார்க்காமல் டேப்புக்கு வாசிக்கமுடியாது என்று இரண்டு பேரும் சொல்லிவிட்டார்களாம். யாரோ கம்ப்யூட்டரில் முடியும் என்று சொல்லி எங்களிடம் அனுப்பியிருக்கிறார்கள். அந்த யாரோ மட்டும் என் கையில் கிடைத்திருந்தால்.

மாமி நோட்டில் எழுதினார்: "இனி பாட வராது. ஒரு தடவை என் குரலுக்கு இவள் ஆடிப் பார்க்கணும்."

படித்துவிட்டு நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது.

கேசட்டைக் கேட்ட துரைக்கண்ணு சார் ஸ்டாப்வாட்சை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அந்தம்மா இஷ்டத்துக்குப் பாடிக்கினு போயிருக்காங்கோ. ஒரு அடி நீளம், ஒரு அடி குட்டை. வெட்டி வெட்டி கிளிக்குல ஒட்டிரு."

சொன்னதைச் செய்தேன். நாலு வரிக் குரலைத் துண்டு துண்டாக நறுக்கி, இழுத்து, கிளிக்கின்மேல் வைத்தேன். விக்கல் எடுத்தவள் பாடுகிற மாதிரி இருந்தது. மாமி கேட்டார். நோட்டில் "இது நான் இல்லை" என்று எழுதி, என்னிடம் காட்டாமல் நேரே சாரிடம் நீட்டினார். சார் அதை வாங்கிப் பார்த்தார். அப்புறம் என்னிடம், "அப்ப நீ இன்னாத்த பண்ணுவியோ பண்ணு. கிளிக்க அந்தம்மா பின்னாடி அனுப்பு" என்று சொல்லிவிட்டுக் கீழே டீ குடிக்கப் போனார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்தது அதுதான் முதல் தடவை.

முறை இதுதான். பாட்டை ஓடவிட்டு, அதன் ஒவ்வொரு அடிக்கும் நான் கீபோர்டில் ஒரு கட்டையைத் தட்டவேண்டும். இரண்டு தட்டுக்கு நடுவில் எவ்வளவு நேரம் ஆயிற்றோ அதுதான் அந்த இடத்தின் வேகம் என்று கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். பாட்டு முழுக்கத் தட்டி முடித்தால் வேகத்தின் கோடு ஒன்று ஏறி இறங்கி வரும். மிடி மொத்தமும் அந்தக் கோட்டின் பின்னால் போகும். பாடுகிறவர் இழுத்தால் மிருதங்கமும் இழுக்கும். என் விரல் எப்படியும் கொஞ்சம் தாமதமாகத்தான் விழும். ஆகையால் தட்டிய ஒவ்வொன்றையும் திரையில் பார்த்து மயிரிழை மயிரிழையாக இடப்பக்கம் நகர்த்தவேண்டும். கீழே தையல் மெஷின்கள் கடகடவென்று ஓடும். நடுவில் கரண்ட் போனால் சேமிக்காததெல்லாம் போச்சு. அந்த வாரம் மூன்று தடவை போனது.

முதலில் குரலைச் சுத்தம் செய்தேன். கேசட்டில் குரலுக்கு அடியில் 'தப், தப்' என்று ஒரு மங்கல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மைக்கில் ஏதோ இடிக்கிறது என்று நினைத்தேன். ஃபில்டர் போட்டு அதை எடுத்தேன். சும்மா எடுக்கவில்லை, ஒரு நாள் முழுக்க மெனக்கெட்டு எடுத்தேன். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் வந்த ஒரு 'தப்'பையும் வெட்டி எறிந்தேன். பல்லவியின் முதல் எழுத்து 'நீ'. கோப்பு அந்த 'நீ'யில் சரியாகத் தொடங்கியது. இடமும் கொஞ்சம் மிச்சம்.

மாமி வேறொரு நோட்டுப் புத்தகத்தில் சுரமும் சாகித்தியமும் எழுதிக் கொடுத்திருந்தார். அதைப் பார்த்துத்தான் மிருதங்கத்தையும் வயலினையும் ஏற்றினேன். பல்லவியின் முதல் வரி ஒரு அரைப்புள்ளியில் தொடங்கியது. எழுத்துக்கு முன்னால் அரைப்புள்ளி. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள் நான். வரியின் தொடக்கத்தில் அரைப்புள்ளி வந்தால் அது கைத்தவறு என்பது எங்களுக்கு முதல் மாதப் பாடம். மாமி அவசரத்தில் வைத்துவிட்டார் என்று அதை விட்டுவிட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் மாமியும் நித்யாவும் கேட்க வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு நாலே நாள். திரையில் எல்லாம் அச்சடித்த மாதிரி ஒன்றன்கீழ் ஒன்று நின்றது. 'நீ' என்று குரல் எழுந்த அதே நொடியில் மிருதங்கம் 'தொம்' என்று விழுந்தது. எனக்கே என்மேல் கொஞ்சம் பெருமை. துரைக்கண்ணு சார்கூட ஸ்டாப்வாட்சைத் தொடாமல் கேட்டார்.

நித்யா எழுந்து அறை நடுவில் நின்று ஆடிப் பார்த்தாள். கால் வைத்தாள், நிறுத்தினாள். முதலிலிருந்து போடச் சொன்னாள். மறுபடி கால் வைத்தாள், மறுபடி நிறுத்தினாள். மாமி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். என் பக்கம் திரும்பி, தொண்டையிலிருந்து காற்றாக ஒரு கேள்வி கேட்டார்.

"இடம் எங்கே?"

"இடமா? அதையேன் கேக்கறீங்க மாமி, இடமே இல்ல. இருந்ததையெல்லாம் அழிச்சுட்டுத்தான் உங்க பாட்டையே ஏத்தியிருக்கேன்" என்றேன்.

மாமி என்னை ஒரு மாதிரி பார்த்தார். நோட்டை எடுத்து "இடம்" என்று பெரிதாக எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு நீட்டினார்.

"பத்தாதுதாம்மா. புது டிஸ்க்கு சொல்லி கீறேன். வந்துக்கினே கீது" என்றார் சார், ஆறுதலாக.

நான் வேறு திரையை மாற்றி, டிஸ்கில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டினேன். மாமி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, டிஸ்க் இல்ல மேடம்" என்றாள் நித்யா. "பாட்டோட இடம். அம்மா கேக்கறது அது. இது அரை இடம் தள்ளி எடுக்கற பாட்டு. தட்டு விழணும், அரை அடி சும்மா போகணும், அப்பறம்தான் 'நீ' வரணும். நீங்கோ 'நீ'யைத் தட்டுலயே வெச்சுட்டேள். பாட்டு முழுக்கத் தப்பான எடத்துல மிருதங்கம் விழறது. நான் எங்க கால் வெப்பேன்?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. எங்கள் கோயில் பாட்டுகளில் 'ஒன்று' என்று எண்ணுவதற்கு முன்னாலேயே பாட்டு தொடங்குவது உண்டு. அது எனக்குத் தெரியும். அந்த 'ஒன்று' என்பதைச் சும்மா விட்டுவிட்டு, அது போன பிறகு பாட்டைத் தொடங்குவார்கள் என்பது தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. சொல்லவில்லை என்றால் என்ன அர்த்தம், சொல்லித்தான் இருந்தார்கள். சுரம் எழுதின நோட்டைப் பிரித்தேன். அந்த அரைப்புள்ளி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது?"

"அதான் இடம். அந்த அளவு காலம் சும்மா இருக்கணும்னு அர்த்தம்" என்றாள் நித்யா. "அம்மா தொடைல தாளம் போட்டுண்டேதானே பாடினா? டேப்புல கேட்டிருக்குமே, தப்பு தப்புன்னு?"

கேட்டிருந்தது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அதைத்தான் எடுத்திருந்தேன். முதல் தட்டை வெட்டியே எறிந்திருந்தேன். இடம் இல்லை என்று இடத்தை வெட்டியிருக்கிறேன். என் மேல் வந்த எரிச்சலில் யாரிடமாவது சண்டை போடவேண்டும் போல இருந்தது. சண்டை போடுவதற்குச் சார்தான் கிடைத்தார்.

"இன்னாமா இதுக்குப் போயி" என்றார் அவர். "எல்லாத்தியும் அரை அடி முன்னாடி தள்ளி வுடு. முடிஞ்சிது."

"தள்ளினா வராது சார்."

"தள்ளிப் பாரு."

தள்ளினேன். இரண்டு வரி சரியாக வந்தது. மூன்றாவது வரியில் மாமி ஒரு எழுத்தை இழுத்திருந்தார். மிருதங்கம் வழுக்கிக்கொண்டு போயிற்று. நான் தட்டியது குரலின் பின்னால் போய். குரல் ஓடும், நிற்கும், திரும்பி வரும். தாளம் போட்ட கை அப்படியில்லை. கை தன் பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. எனக்கு வேண்டியது அந்தக் கை. அது கேசட்டில்தான் இருந்தது. சுத்தம் செய்யாத கோப்பை நான் எப்போதோ அழித்துவிட்டேன். கேசட்டிலிருந்து மறுபடி ஏற்றினால் பழையதோடு பொருந்தாது, கேசட் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வேகத்தில் ஓடும். ஆக, முதலிலிருந்து.

"அதுக்கு ரெண்டு மடங்கு இடம் வேணும் சார். குரலுக்கு ஒரு கோப்பு, கைக்கு ஒரு கோப்பு. அழிக்க ஒண்ணும் இல்ல, உங்க டெமோ மட்டும்தான் கீது" என்றேன். கோபம் வந்தால் எனக்கும் சாருடைய பாஷை வந்துவிடும்.

அந்த டெமோ அவருக்கு உயிர். வருகிற ஒவ்வொருவருக்கும் போட்டுக் காட்டுவார். கிளிக்கில் ஒரு இம்மி பிசகாது. மாமியைப் பார்த்தார். மாமி அவரைப் பார்க்கவே இல்லை. மடியில் இருந்த நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சார் தானே மவுஸை வாங்கி டெமோவை அழித்தார். "போனாப் போவுது" என்றார்.

கேசட்டை மறுபடி ஏற்றினேன். இந்தத் தடவை ஒரு பிரதியில் தலைகீழாகச் செய்தேன். குரலை ஃபில்டரால் எடுத்துவிட்டு அடிச்சத்தத்தை மட்டும் வைத்தேன். பாட்டு போய்விட்டது. தொடையில் கை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. தப், தப், தப். திரையில் சின்னச் சின்ன மேடுகளாகத் தெரிந்தது. ஒவ்வொரு மேட்டின் தொடக்கத்திலும் ஒரு குறி வைக்கவேண்டும். புதன் சாயந்திரத்திலிருந்து வெள்ளி வரைக்கும் அதுதான் வேலை. தூக்கத்திலும் என் விரல் ஆடுகிறது என்று அம்மா சொன்னார்.

வெள்ளிக்கிழமை, சரணத்தில் கிட்டத்தட்ட முடிக்கும் இடத்தில், கை நின்றுவிட்டது. அடுத்த மேட்டைக் காணோம். வழக்கத்தைவிடப் பாதி நேரம் கூடுதலாகப் போன பிறகுதான் வந்தது. அதற்கப்புறம் பழையபடி சீராகப் போனது. கோட்டில் அந்த ஒரு அடி மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது.

"டேப்பு இழுத்திருக்கும். வெட்டு" என்றார் சார், பின்னாலிருந்து எட்டிப் பார்த்து.

பாங்கிலிருந்து அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்த நித்யாவிடம் போட்டுக் காட்டினேன். இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டாள்.

"டேப் இல்ல" என்றாள். "நான் எதிர்ல ஒக்காந்துண்டிருந்தேன். அங்க அம்மா முழுங்கினா. வலி. கை மேலயே நின்னுடுத்து. முழுங்கி முடிச்சதும் எறக்கினா. நான் அங்க அடியே வெக்கலை மேடம், கழுத்தை மட்டும் திருப்பிண்டு நிக்கறேன். வெட்டிடாதீங்கோ."

துரைக்கண்ணு சார் ஸ்டாப்வாட்சைக் கையில் எடுத்தார். அமுக்கவில்லை. "வுட்டுரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை சாயந்திரம் முடித்தேன். குரலுக்கு அடியிலிருந்த தட்டுகளை எல்லாம் மறுபடி எடுத்தேன். அந்த வேலைக்கு இப்போது மிருதங்கம் இருந்தது. முதல் தட்டை மட்டும் எடுக்கவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோபாலபுரம் பள்ளிக்கூட ஹாலில் மேடை ஓரம் டேப்பை ஓட்டுவது என் வேலை. மாமி மேடையில் பக்கவாட்டில் நட்டுவாங்கத் தாளத்தோடு உட்கார்ந்திருந்தார். கை இருக்கிறதே, அடிக்கலாம். நித்யா நடுவில் வந்து நின்றாள். பட்டனை அமுக்கினேன். சுருதி எழுந்தது. அப்புறம் ஹால் முழுக்க ஒரே ஒரு 'தப்'. தொடையில் கை விழுகிற சத்தம். மாமி விருட்டென்று ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தார். நித்யாவின் கால் அந்தத் தட்டிலேயே விழுந்தது. அரை அடி கழித்து 'நீ' என்று அவர் குரல் வந்தது. மாமி திரும்பித் தாளத்தைத் தட்டத் தொடங்கினார். ஒரு அடியும் பிசகவில்லை.

சரணத்தில் அந்த இடம் வந்தபோது நான் மேடையைப் பார்க்கவில்லை, மாமியைத்தான் பார்த்தேன். கோட்டில் துருத்திக்கொண்டிருந்த அந்த அடியில், தாளம் பிடித்த கை மேலேயே நின்றது. தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. அப்புறம்தான் கை இறங்கியது. மிருதங்கமும் கூடவே இறங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன்.

முடிந்ததும் மாமி என்னிடம் வந்தார். நோட்டில் ஏதோ எழுதினார். நன்றியாக இருக்கும் என்று நினைத்து வாங்கினேன். "அனுபல்லவியில் வயலின் கொஞ்சம் தூக்கல்" என்று எழுதியிருந்தது. படித்துவிட்டு நிமிர்ந்தபோது, "இடம் சரியா இருந்தது" என்றார் காற்றுக்குரலில்.

வெளியே வந்ததும், கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டிருந்த சார் ஆரம்பித்தார். "எல்லாம் ஓகேமா. மொதல்ல மட்டும் டப்புனு ஒரு சத்தம் வுட்டுட்ட."

"அது சத்தம் இல்ல சார், இடம்."

"இன்னா இடமோ" என்றார்.

திங்கட்கிழமை காலையில் ஒரு அப்பள விளம்பரம் வந்திருந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் சார் வர்ணத்தின் கோப்புகள் இரண்டையும் அழித்திருந்தார். "டான்சுதான் முடிஞ்சி போச்சே, எடம் வேணாவா?" என்றார். அன்று அவரிடம் நான் கத்திய கத்தலில் கீழே தையல் மெஷின்கள் நின்றன. முடித்த பாட்டின் கேசட் மாமியிடம் இருந்தது, அது வேறு விஷயம். என்னிடம் மிஞ்சியது ஒரு ஃப்ளாப்பி. குரல் அதில் கொள்ளாது. மிடிக் குறிப்பும் அந்த வேகக் கோடும் மட்டும் கொள்ளும். குரல் இல்லாத பாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று சார் கேட்டார். ஃப்ளாப்பியைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் கேட்டதும் சரிதான், குரல் அதில் இல்லை. கை இருக்கிறது.

போன வாரம் பிரியா லேப்டாப்போடு வந்தாள். பிஸ்கட் டப்பாவில் பாதி ஃப்ளாப்பி செத்துவிட்டதாம், மீதி ஏறிவிட்டதாம். ஒவ்வொன்றாகத் திறந்து காட்டிக்கொண்டு வந்தாள். அப்பளம், ஊறுகாய், பக்திப்பாட்டு. அப்புறம் அது வந்தது. திரையின் குறுக்கே அந்தக் கோடு ஏறி இறங்கிப் போயிற்று. பிரியா அதைத் தள்ளித் தள்ளிக் கடைசிப் பக்கம் வந்தவள் நின்றாள்.

"ஆன்ட்டி, டெம்போ ஏன் இவ்ளோ கோணல்மாணலா இருக்கு? இங்க பாருங்க, ஒரு பீட் மட்டும் தனியா நீட்டிக்கிட்டு நிக்குது. மிஸ்டேக் போல. ஒரே கிளிக், நேராக்கிடறேன்."

"கையை எடு" என்றேன்.